இலக்கியம், பாலினம், படைப்புத் தொழில்கள்: ஓர் ஆய்வாளர் மூன்றிலும் நிற்க முடியுமா?

வாசகி ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 3

முதுகலை இலக்கியம் முடித்திருக்கிறேன். பெண் எழுத்தாளர்களின் நாவல்களை வைத்து முனைவர் பட்டம் செய்ய ஆசை. ஆனால் பதிப்பகம், திரைக்கதை, வீடியோ கேம் மாதிரியான இடங்களில் பெண்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதும் மனதை இழுக்கிறது. யாரிடம் கேட்டாலும் "ஒன்றைப் பிடித்துக்கொள், மூன்றிலும் கால் வைத்தால் எதிலும் பெயர் வராது" என்கிறார்கள். இது மூன்று துறையா, ஒன்றா? இப்படி வாழ்நாள் முழுக்க ஆய்வு செய்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?

பிப்ரவரி 3, இரவு

ஒன்றுதான் என்பேன். யாருக்கு எழுத வாய்க்கிறது, எழுதியதற்கான பணம் யார் கைக்குப் போகிறது, எழுதியதில் எது அடுத்த தலைமுறை வரைக்கும் அச்சில் இருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்து வைத்தது பல்கலைக்கழகக் கட்டடங்களின் வசதிக்காக. எழுதுகிறவர்கள் வாழ்க்கையில் அவை ஒன்றாகத்தான் வருகின்றன.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1811) ஆசிரியர் பொறுப்பில் அச்சானது. நஷ்டம் வந்தால் அவர் தலையில், லாபம் வந்தால் பதிப்பாளர் கழிவு போக மீதி அவருக்கு. 140 பவுண்டு கிடைத்தது. அடுத்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் பதிப்புரிமையை மொத்தமாக 110 பவுண்டுக்கு விற்றுவிட்டார். 150 கேட்டிருந்தார். அதற்கப்புறம் அது எத்தனை பதிப்பு போனாலும் லாபம் பதிப்பாளருக்குத்தான். இப்போது அதே நாவலைத் திறந்து பாருங்கள், ஒவ்வோர் ஆணும் அறைக்குள் நுழையும்போதே அவருக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு என்ற பேச்சும் நுழைகிறது, நாயகன் டார்சிக்குப் பத்தாயிரம் பவுண்டு என்று ஊரே முணுமுணுக்கிறது. வருமானம் இல்லாத பெண்களைப் பற்றி, வருமானத்துக்காகப் பேரம் பேசிய ஒரு பெண் எழுதிய புத்தகம் அது. அதில் இலக்கியம் எங்கே முடிகிறது, பாலினம் எங்கே தொடங்குகிறது, தொழில் எங்கே வருகிறது என்று கோடு போடச் சொன்னால் என்னால் முடியாது.

ஆஸ்டின் மணமாகாதவர், அதனால் அந்தப் பணம் அவருடையதாகவே இருந்தது. இங்கிலாந்தில் அன்று மணமான பெண்ணின் சம்பாத்தியம் சட்டப்படி கணவனுக்குச் சொந்தம். கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர் கணவரை விட்டுப் பிரிந்து வாழ்ந்தபோதும், அவர் புத்தகங்களில் வந்த காசை அந்தக் கணவர் தனதென்று கோரினார். நார்ட்டன் அதை எதிர்த்துத் துண்டறிக்கைகள் எழுதினார். 1870இல் மணமான பெண்களின் சொத்துச் சட்டம் வந்தபோது, கூலியோடு சேர்த்து இலக்கியம், கலை, அறிவியல் திறனால் ஈட்டிய பணமும் அவளுடையதே என்று சட்டத்திலேயே எழுதினார்கள். ஒரு சட்டப் பிரிவுக்குள் பெண் எழுத்தாளர் நுழைந்த இடம் அது. முதல் தடவை அதைப் படித்தபோது நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 4

ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டதற்கு நேற்று பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். இருக்கிறார்கள், நிறையப் பேர்.

ஆஞ்சலா மக்ராபி 1970களில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தில் 'ஜாக்கி' என்ற பதின்வயதுப் பெண்களுக்கான வார இதழை ஆராய்ந்தவர். காதல் கதைகள், அழகுக் குறிப்புகள், வாசகர் கடிதங்கள் எல்லாவற்றையும் ஓர் இலக்கியப் பிரதி போல வாசித்தார். பிறகு 1998இல் இங்கிலாந்தின் ஃபேஷன் வடிவமைப்பாளர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஒரு புத்தகம். அதற்கும் பல வருடம் கழித்து, "படைப்பாற்றலோடு இரு" என்று இளைஞர்களிடம், அதிலும் இளம்பெண்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பது அவர்களை எப்படிப் பாதுகாப்பில்லாத வேலைக்குப் பழக்குகிறது என்று இன்னொரு புத்தகம். மேலோட்டமாகப் பார்த்தால் இதழ், துணி, தொழிற்கொள்கை என்று மூன்று தலைப்பு. வரிசையாக வாசித்தால் ஒரே மனுஷி ஒரே கேள்வியை விடாமல் துரத்தியிருப்பது தெரியும்.

அந்த மையமே இலக்கியத் துறைக்குள்ளிருந்து பிறந்தது. 1964இல் அதைத் தொடங்கிய ரிச்சர்ட் ஹோகார்ட் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். தொடக்கப் பணத்தில் முக்கியப் பங்கு பெங்குவின் பதிப்பகத்து ஆலன் லேனிடமிருந்து வந்தது. அதாவது பதிப்புத் தொழிலின் காசில், இலக்கியக்காரர் ஒருவர் தொடங்கிய இடத்தில், பெண்கள் சண்டை போட்டு பாலின ஆய்வைக் கொண்டுவந்தார்கள். "மூன்றும் வேறு வேறு" என்று உங்களிடம் சொல்கிறவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, மாலை

ஜேனிஸ் ராட்வேயை விட்டுவிடக் கூடாது. அவரும் இலக்கியப் பயிற்சி உள்ளவர்தான். மலிவு விலைக் காதல் நாவல்களைப் பற்றி எழுதப் போனவர், நாவல்களை மட்டும் படித்துத் தீர்ப்பு எழுதாமல், அதை வாங்கிப் படிக்கும் பெண்களிடம் போய்க் கேட்டார். 1984இல் வந்த அந்தப் புத்தகம் இன்றும் பாடத்தில் இருக்கிறது. அந்தப் பெண்களுக்குப் புத்தகத்தைத் திறப்பதே ஒரு செயல்: வீட்டு வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில், இந்த நேரம் எனக்கானது, யாரும் கூப்பிடாதீர்கள் என்று சொல்வதற்கான வழி. கதைக்குள் இருக்கும் ஆணாதிக்கமும் உண்மை, வாசிப்பில் கிடைக்கும் அந்தச் சிறு விடுதலையும் உண்மை. ராட்வே ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கவில்லை. போய்க் கேட்காமல் இது கிடைத்திருக்காது.

பிப்ரவரி 9

இந்த வாரம் முழுக்க யோசித்ததில் முதல் நாள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கேள்வி ஒன்றுதான், ஆனால் முறை ஒன்றில்லை. இலக்கியத் துறையிலிருந்து வருகிற எல்லோருக்கும் இது பெரிய இடைஞ்சல், எனக்கும் இருந்தது.

நாவல் திருப்பிப் பேசாது. அதை எப்படி வாசித்தாலும் அதற்கு வேலை போகாது. நேர்காணல் கொடுத்த பெண்ணுக்குப் போகலாம். பதிப்பகத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, நல்ல செய்தியாக ஒன்று சொன்னார், சொல்லி முடித்த கையோடு "இதைப் போடாதீர்கள்" என்றார். பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன். "பெயரை மாற்றினாலும் அந்த நாவலுக்கு ஆசிரியர் குழுவில் யார் இருந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்" என்றார். அவர் சொன்னது சரி. படைப்புத் தொழில்கள் சின்ன உலகங்கள், அங்கே ஒரு புத்தகத்தையோ படத்தையோ குறிப்பிட்டாலே ஆள் தெரிந்துவிடும். அந்தச் செய்தியை நான் பயன்படுத்தவில்லை. ஆய்வேட்டின் ஒரு பகுதி அதனால் வலுவிழந்தது, இழக்கட்டும்.

இதற்கெல்லாம் இலக்கியத் துறையில் பயிற்சி தருவதில்லை. ஒப்புதல் படிவம், ஒலிப்பதிவை எப்படிப் பாதுகாப்பது, எதை எப்போது அழிப்பது, எழுதியதை அவர்களிடமே காட்டலாமா என்பதையெல்லாம் சமூகவியல் துறையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் ஆண்டிலேயே செய்துவிடுங்கள்.

பிப்ரவரி 10

"படைப்புத் தொழில்கள் என்பதே அரசாங்கத்தின் சொல்லாடல், அடோர்னோ அதைத்தான் பண்பாட்டுத் தொழில் என்று கிழித்தார், அதற்குள் போய் ஏன் விழுகிறீர்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, நீளமாகவே எழுதுகிறேன்.

ஜெர்மானியத் தத்துவவாதிகள் அடோர்னோவும் ஹார்க்ஹைமரும் 1940களில் எழுதியது எச்சரிக்கை. கலை ஆலைப் பொருளாகிறது, ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது என்ற கோபம். அரை நூற்றாண்டு கழித்து 1998இல் பிரிட்டிஷ் அரசின் பண்பாடு, ஊடகம், விளையாட்டுத் துறை, படைப்புத் தொழில்கள் எவை என்று பட்டியலிடும் 'வரைபட ஆவணம்' ஒன்றை வெளியிட்டது. அதில் 13 தொழில்கள்: விளம்பரம், கட்டடக்கலை, கைவினை, ஃபேஷன், திரைப்படம், இசை, பதிப்பு, தொலைக்காட்சி, மென்பொருள் என்று போகும். தனிமனிதரின் படைப்பாற்றல், திறமை, ஆற்றல் ஆகியவற்றிலிருந்து பிறந்து, அறிவுசார் சொத்தின் மூலம் செல்வமும் வேலையும் உருவாக்கக்கூடியவை என்று அதற்கு இலக்கணம். எச்சரிக்கை இங்கே கொண்டாட்டமாகிவிட்டது.

இதை ஒதுக்கிவிட்டுப் போவதை விட, கவிதையை வாசிப்பது போல வரி வரியாக வாசிப்பது நல்லது என்பது என் கட்சி. மென்பொருளைச் சேர்த்ததும் துறையின் வருமானக் கணக்கு எவ்வளவு பெருத்தது என்று நிக்கலஸ் கார்னம் போன்ற ஊடக ஆய்வாளர்கள் பிறகு சுட்டிக்காட்டினார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது "தனிமனிதர்". ஒரு நாவல் வெளிவருவதற்குள் பிரதி திருத்துபவர், மெய்ப்பு பார்ப்பவர், மொழிபெயர்ப்பாளர், விளம்பரப் பிரிவில் தொலைபேசியை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை பேசுகிறவர் என்று எத்தனை கைகள். அந்தக் கைகளில் பல பெண்களுடையவை. படைப்பாற்றலைத் தனிமனிதரிடம் வைத்து, அறிவுசார் சொத்தை உரிமையாளரிடம் வைத்தால் இந்தக் கைகளெல்லாம் உதவியாளர்கள் ஆகிவிடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலில் பேசாமல் தேநீர் கொண்டுவரும் வேலைக்காரிகளைக் கவனிக்கப் பழகிய கண்ணுக்கு, கொள்கை ஆவணத்தில் காணாமல் போனவர்களும் தெரிவார்கள். இலக்கியப் பயிற்சி இங்கே வீண் போவதில்லை.

ஆனால் ஒரு பயம் உண்டு, சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கு நிதி கேட்டு நல்கை விண்ணப்பம் எழுதும்போது பணம் தருகிறவர்களின் சொற்களில்தான் எழுத வேண்டியிருக்கிறது. வளர்ச்சி, தாக்கம், பங்களிப்பு. பல விண்ணப்பங்கள் எழுதிய பிறகு, பெண்கள் இந்தத் தொழிலில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணமாகவே பொருளாதார வளர்ச்சியைச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். வளர்ச்சிக்கு உதவாவிட்டாலும் அவர்கள் இருக்க வேண்டும். அதை எங்காவது எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 12

"பெண்கள்" என்று நான் ஒரே கூட்டமாக எழுதிக்கொண்டே போவதாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஏற்கிறேன். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இலேயே காட்டினார்: இனத்தை மட்டும் பார்க்கும் சட்டமும் பாலினத்தை மட்டும் பார்க்கும் சட்டமும் சேர்ந்து கறுப்பினப் பெண்ணைக் கைவிடுகின்றன. ஒரு பதிப்பகத்தில் பாதிக்கு மேல் பெண்கள் என்ற கணக்கு வந்தால் அடுத்த கேள்வி, எந்த வீட்டுப் பெண்கள்? சம்பளமில்லாத பயிற்சி வேலையில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்க யாரால் முடிந்தது?

பிப்ரவரி 17

"காலம் போகப் போகப் பெண் எழுத்தாளர்கள் கூடிக்கொண்டேதான் வந்திருக்கிறார்கள், ஆய்வு செய்ய என்ன இருக்கிறது?" இப்படியும் ஒரு கருத்து வந்திருக்கிறது. வரலாறு அப்படி நேராகப் போகவில்லை. நான் இந்தத் துறையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம் என்றுகூடச் சொல்லலாம்.

கே டக்மன் என்ற சமூகவியலாளர் மக்மில்லன் பதிப்பகத்தின் பழைய ஆவணங்களுக்குள் புகுந்தார். கையெழுத்துப் பிரதிகளைப் படித்துவிட்டு மதிப்பீட்டாளர்கள் எழுதிய குறிப்புகள், ஒப்பந்தங்கள், தொகைகள். 1989இல் வந்த அவர் புத்தகத்தின் வாதம்: நாவல் மதிப்பில்லாத வடிவமாக இருந்தவரை அதில் பெண்கள் நிறைய இருந்தார்கள், அது உயர்ந்த கலையாகவும் நல்ல வருமானமாகவும் ஆனபோது ஆண்கள் உள்ளே வந்து இடம் பிடித்தார்கள். சிலர் இதை ஒரே பதிப்பகத்தின் கதை என்று ஒதுக்கினார்கள். பிறகு 2018இல் டெட் அண்டர்வுட், டேவிட் பாமன், சப்ரினா லீ மூவரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலப் புனைகதைகளைக் கணினியில் வைத்து எண்ணினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறைய பாதியாக இருந்த பெண் ஆசிரியர்களின் பங்கு, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கால்வாசிக்கு இறங்கிவிட்டது. 1970களுக்கு அப்புறம்தான் மறுபடி ஏறுகிறது. வாக்குரிமை வந்தது, கல்லூரிகள் திறந்தன, நாவலில் மட்டும் பெண்கள் குறைந்தார்கள்! பெண்கள் வேறு வகை எழுத்துக்கும் வேறு வேலைகளுக்கும் போக முடிந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆகவே டக்மன் சொன்ன காரணம் மட்டும் போதாது.

இங்கேதான் எனக்கு உடல் சிலிர்க்கும். தூசி படிந்த கடிதங்களில் ஒருவர் கண்டது, இலக்கியமும் கணினியும் தெரிந்தவர்கள் எண்ணிப் பார்த்தபோது பெரிய அளவில் தெரிகிறது, ஆனால் ஏன் என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. அதற்குப் பதில் தேட நாவலும் தெரிய வேண்டும், பாலின வரலாறும் தெரிய வேண்டும், பதிப்புத் தொழிலின் கணக்கு வழக்கும் தெரிய வேண்டும். ஒன்றைப் பிடித்துக்கொள் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் இந்தக் கேள்வியை என்ன செய்வார்கள்?

பிப்ரவரி 18

பரிசுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1991 புக்கர் இறுதிப்பட்டியலில் ஆறு பேரும் ஆண்கள். அந்தக் கோபத்தில் கூடிப் பேசியவர்களால்தான் 1996இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு முதல் தடவை வழங்கப்பட்டது. நடுவர் குழு, புரவலர் பணம், கடை மேசையில் அடுக்கும் விதம், மறுபதிப்பு, பாடத்திட்டம் என்று ஒரு பரிசு எவ்வளவு தூரம் போகிறது என்பதே ஒரு முழு ஆய்வேடு.

பிப்ரவரி 23

தொழில் பக்கம் இருந்து தொடங்க நினைப்பவர்கள் ரோசலிண்ட் கில் 2002இல் எழுதிய கட்டுரையை முதலில் படியுங்கள். ஐரோப்பாவில் புதிய ஊடக வேலை செய்யும் ஃப்ரீலான்ஸ் ஆட்களிடம் பேசி எழுதியது. அந்த உலகம் தன்னை நவீனமானது, சமத்துவமானது, விதிகளில்லாதது என்று நம்பியது. கில் கண்டது, விதி இல்லாததே பெண்களுக்கு எதிராக வேலை செய்தது. விளம்பரம் இல்லை, நேர்முகத் தேர்வு இல்லை, தெரிந்தவர் வழியாக வேலை, மாலைச் சந்திப்புகளில் வேலை. பாகுபாடு நடந்தால் முறையிட ஒரு மேலதிகாரிகூட இல்லை. எல்லோரும் சமம் என்ற நம்பிக்கை இருப்பதால் பாகுபாடு என்று வாய் திறப்பதே சங்கடம். இத்தனை வருடம் கழித்துத் திரைக்கதை எழுதும் பெண்களிடம் பேசினாலும் இதே கதையைக் கேட்கிறேன், கருவிகளின் பெயர்தான் மாறியிருக்கிறது.

2023இல் அமெரிக்கத் திரைக்கதையாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள் அல்லவா, செயற்கை நுண்ணறிவைப் பற்றிய நிபந்தனைகள்தான் வெளியே அதிகம் பேசப்பட்டன. ஒரு தொடருக்குக் கூடி உட்கார்ந்து கதை எழுதும் எழுத்தாளர் அறையில் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அதில் இருந்தது. அறை சுருங்கினால் முதலில் வெளியே போவது புதிதாக வந்தவர்கள். அங்கேதான் பெண்களும் பிறரும் ஏணியின் முதல் படியில் நிற்கிறார்கள். இதைப் பற்றி யாராவது முறையாக ஆய்வு செய்தால் நானே முதல் வாசகர்.

மார்ச் 1

வேலை பற்றித் தனிச்செய்தியில் பலர் கேட்டார்கள், எல்லோருக்குமாக இங்கேயே எழுதுகிறேன்.

கஷ்டம்தான். ஒரு நேர்முகத் தேர்வில் என்னிடம் "நீங்கள் இலக்கியமா, ஊடகமா, பெண்ணியமா?" என்று கேட்டார்கள். கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, எந்தப் பாடம் எடுக்கச் சொல்வது என்ற கவலை. அந்த வேலை கிடைக்கவில்லை. அப்புறம் நான் பழகிக்கொண்டது, எந்தத் துறைக்கு விண்ணப்பிக்கிறோமோ அந்தத் துறையின் அடிப்படைப் பாடம் ஒன்றை நன்றாக எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வு எவ்வளவு அகலமாக இருந்தாலும் வகுப்பறையில் ஒரு காலை ஊன்ற இடம் வேண்டும்.

ஆய்விதழ்களிலும் இதே தொல்லை. இலக்கிய இதழுக்கு அனுப்பினால் "பிரதி எங்கே" என்பார்கள், தொழில் பற்றிய இதழுக்கு அனுப்பினால் "தரவு எங்கே" என்பார்கள். இரண்டு கேள்வியும் நியாயமானவை என்று எடுத்துக்கொண்டால் கட்டுரை மேம்படும்.

இன்னொன்று, மனதை வருத்துவது. பாதுகாப்பில்லாத படைப்பு வேலையைப் பற்றி ஆய்வு செய்கிற இளம் ஆய்வாளர்களில் பலர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். வருடம் முடிந்தால் அடுத்த ஊர், அடுத்த ஒப்பந்தம். பிடித்த வேலை என்பதால் குறைந்த சம்பளத்தைப் பொறுத்துக்கொள், பெயர் வரும் என்று காத்திரு என்று நடிகைகளுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் சொல்லப்படுவதே ஆய்வாளருக்கும் சொல்லப்படுகிறது. இதைக் கட்டுரையின் அடிக்குறிப்பில் ஒளித்து வைக்காமல் ஆய்வுக்குள்ளேயே கொண்டுவரலாம் என்று இப்போது நினைக்கிறேன். பல்கலைக்கழகமும் ஒரு படைப்புத் தொழில்தானே.

மார்ச் 2

பெண்ணியப் பதிப்பகங்களைப் பற்றி இவ்வளவு நாள் எழுதாமல் இருந்திருக்கிறேன், என் மனதுக்கு மிக நெருக்கமானது அது. 1970இல் அமெரிக்காவில் ஃபெமினிஸ்ட் பிரஸ், 1973இல் லண்டனில் விராகோ, 1984இல் டெல்லியில் ஊர்வசி புட்டாலியாவும் ரிது மேனனும் தொடங்கிய காளி ஃபார் விமன். மறந்துபோன பெண் எழுத்தாளர்களை இவர்கள் மறுபதிப்பு செய்ததால்தான் அந்தப் பெயர்கள் பாடத்திட்டத்துக்கு வந்தன. கடையில் கிடைக்காத புத்தகத்தைப் பாடமாக வைக்க முடியாது. விராகோ 1995இல் பெரிய நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது, காளி 2003இல் ஜுபான், விமன் அன்லிமிடெட் என்று இரண்டாகப் பிரிந்தது. இயக்கமாகத் தொடங்கியது தொழிலாகவும் நிற்க வேண்டிய நெருக்கடி அது. ஒருவர் விமர்சனக் கட்டுரை எழுதி மாற்றியதை விட, முன்பணமும் தாள் விலையும் கணக்குப் போட்ட இந்தப் பெண்கள் இலக்கிய வரலாற்றை அதிகம் மாற்றினார்கள் என்றுகூட எனக்குத் தோன்றும். அதிகப்படியாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் வாதாடலாம், காத்திருக்கிறேன்.

மார்ச் 6

முதல் கேள்வி கேட்ட வாசகி மறுபடி எழுதியிருக்கிறார். நெறியாளர் ஒருவர் சம்மதித்துவிட்டாராம், முதல் அத்தியாயத்தை எங்கே தொடங்குவது என்கிறார். வாழ்த்துகள்!

ஒரே ஒரு நாவலில் தொடங்குங்கள், உங்களுக்குப் பிடித்த நாவலாக இருக்கட்டும். முதலில் அதை நன்றாக வாசியுங்கள், அதற்குக் குறுக்குவழி இல்லை. பிறகு அந்தப் புத்தகத்தின் பின்னால் போங்கள்: யார் ஏற்றார், எத்தனை பேர் திருப்பி அனுப்பினார்கள், ஒப்பந்தம் எங்கே இருக்கிறது, அட்டையை யார் வரைந்தார், எந்த வருடம் அச்சில் இல்லாமல் போனது, யார் மறுபதிப்பு போட்டார், திரைப்பட உரிமை யாரிடம். உயிரோடு இருப்பவர்களிடம் பேசும்போது முதல் சந்திப்பிலேயே ஒலிப்பதிவுக் கருவியை எடுக்காதீர்கள். ஒப்பந்தங்களைக் காட்டுகிறார்களா என்று பாருங்கள், பெரும்பாலும் காட்ட மாட்டார்கள். மறுத்தால் யார் மறுத்தார், என்ன காரணம் சொன்னார் என்று தேதி போட்டுக் குறித்து வையுங்கள், அதுவும் தரவுதான்.